சேனை வைத்த விரல்

மார்ச் 4
நேற்று தினுஷா கேட்டாள்: "சேர் தாத்தா, நான் கிட்ட போனா தம்பிப் பாப்பா செத்துருவானா?"

ஏழு வயது. பக்கத்து வீட்டுக் கிருஷாந்தியின் மூத்தவள். பள்ளிக்கூடத்தில் இருமல் பரவுகிறது என்று, பிரசவம் ஆனதும் அவளை என் வீட்டில் படுக்க அனுப்பிவிட்டார்கள். இருமல் யாரால் எப்படிப் பரவும் என்று உதாரணம் சொன்னேன். சின்னப்பிள்ளை டவுன் பஸ், எல்லா ஹோல்ட்டிலும் நிற்கும். உழைக்கிற ஆள் தம்புள்ளை லொறி, தூரத்துச் சாமானை வாசலிலேயே இறக்கும். என்னைப் போன்ற கிழம் ஷெட்டில் நிற்கிற வண்டி, வந்து மோதுவதை வாங்கும். கைக்குழந்தையும் அப்படித்தான்.

"அப்ப நான் மட்டும் ஏன் இங்க?" என்றாள்.

மார்ச் 9
பிள்ளைக்குச் சேனை வைத்தார்கள். முதல் சீனித்தண்ணீரை யார் நாக்கில் தொட்டு வைக்கிறாரோ அவர் குணம் வருமாம். வைத்தவன் யோகராஜ், கிருஷாந்தியின் கொழுந்தன். தம்புள்ளையில் வெங்காய வியாபாரம், கை ராசியாம். இருமிக்கொண்டே வந்தான். தடுத்தேன்.

"வெங்காயத் தூசி சேர். வாத்தியார் வேலையில ரிட்டயராகியும் வகுப்பில டாப்புப் பேர் கூப்பிடுறீங்களே."

எல்லோரும் சிரித்தார்கள். விரலை வைத்தான், முத்தமும் கொடுத்தான். தினுஷா மதிலுக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 12
தினுஷா இருமவில்லை. இரவும் எழுந்து பார்த்தேன்.

மார்ச் 19
பிள்ளை நீலம் பாரித்துவிட்டான். இருமக்கூட இல்லை, மூச்சு நின்று நின்று வருகிறது. கக்குவான் இருமல் என்கிறார்கள். முதல் ஊசிக்கே இன்னும் வயது வரவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஏறும்போது கிருஷாந்தி மகளைப் பார்த்துக் கத்தினாள்: "நீதானேடி மதில்ல தொங்கிக்கிட்டு நின்ன!"

மார்ச் 23
போய்விட்டான்.

ஏப்ரல் 2
சுகாதாரப் பரிசோதகர் பீ.எச்.ஐ. வந்து சொன்னார்: தினுஷாவிடம் கிருமி இல்லை, யோகராஜிடம் இருக்கிறது. அவனுக்கு வெறும் இருமல்தான். மருந்தை வாங்கிக்கொண்டு லொறியில் ஏறிவிட்டான்.

நீ காரணமில்லை என்று தினுஷாவிடம் சொல்லிவிடு என்று கிருஷாந்தியிடம் கெஞ்சினேன். தலை நிமிராமல் சொன்னாள்: "கொழுந்தன்தான் காரணம்னு பேச்சு வந்தா குடும்பம் ரெண்டாயிரும் சேர். இவ சின்னப்புள்ள, மறந்துருவா."

என்ன பேச்சு இது? இவளா மறப்பாள்?

நானே சொன்னேன், பஸ், லொறி எல்லாம் வைத்து. தினுஷா பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "அம்மா அப்படிச் சொல்லலியே" என்றாள்.

மே 11
தினுஷா இப்போது யாரோடு பேசினாலும் வாயைப் பொத்திக்கொண்டே பேசுகிறாள். சளி இல்லை, இருமல் இல்லை. கையை எடு என்றால் இரண்டடி பின்னால் போய் நின்றுதான் எடுக்கிறாள்.

இதை யாராவது படித்தால்: கைக்குழந்தையைத் தூக்க வருகிறவரிடம் வயதைப் பார்க்காதீர்கள். இருமல் இருக்கிறதா என்று வாசலிலேயே கேளுங்கள்.