கேபினுக்கு அடியிலிருந்து வண்டி

பிப்ரவரி 3, திங்கள்

காலையில் பனி. கால்வாய்ப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. தலைக்கு மேல் பறக்கும் ரயில் போகும் சத்தம் மட்டும். அதன் பாலத் தூணுக்குப் பக்கத்தில் எங்கள் லோடு வண்டி, கண்ணாடி முழுக்க வியர்த்து.

முடிவாகிவிட்டது. நைனா அத்தையிடம் போனில் பேசியதைக் கேட்டேன். அடுத்த திங்கள் பழைய இரும்பு எடுக்கும் காயலாங்கடைக்காரர் வந்து வண்டியை இழுத்துப் போவார். பின்னால் இருந்த லோடு தொட்டியைப் போன வாரமே கழற்றிக்கொண்டு போய்விட்டார். அதே திங்கள் நான் தி. நகர் புடவைக் கடையில் சேர வேண்டும். அத்தை பேசி வைத்துவிட்டார்.

ஸ்பீக்கரில் அத்தை: "ஏசி கடைண்ணே. சிரிச்சுக்கினு நின்னு, 'வாங்க மேடம், இன்னா பாக்குறீங்க'ன்னு கேட்டா போதும். அவ்ளோதான் வேல."

அவ்வளவுதான். எனக்கு வராதது அது ஒன்றுதான். பத்தாவதில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்ன நாட்களில் வயிற்றுவலி. அப்புறம் எல்லா நாளும் வயிற்றுவலி. அப்புறம் பள்ளியே இல்லை. அதிலிருந்து நைனாவோடு வண்டியில். கல்யாண மண்டபங்களுக்கு அண்டா, நாற்காலி கொண்டுபோய் இறக்கும் வேலை. கிளீனர் சைடு சீட் என்னுடையது. நைனா பேசுவார், நான் பாத்திரங்களை எண்ணுவேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

இப்போது நைனாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆகியிருக்கிறது. கனம் தூக்கக் கூடாது. வண்டிக்கு சேஸில் விரிசல். எல்லாவற்றையும் தாங்கும் நீள இரும்புச் சட்டம், டிரைவர் காலுக்கு நேர் கீழே பிளந்திருக்கிறது.

சாயங்காலம் வெல்டிங் காதர் பாய் வந்து, தரையில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார்.

"பத்த வெக்கலாம். ஆனா கேபின் மேல குந்திக்கினு கீதே. அத்த எடுத்தாத்தான் கை போவும். ஞாயித்துக்கெயம வர்றேன். எடுத்து வெச்சிருந்தா வேலய முடிச்சுக் குடுக்கறேன். அப்பால நான் ஒரகடம் போய்டுவேன், பெரிய வேல."

"யாரு எடுக்கறது? செத்த வண்டி பாய் அது. வுடு," என்றார் நைனா.

"நான் கழட்டறேன்."

வாயிலிருந்து வந்த பிறகுதான் என் குரல் என்று தெரிந்தது. பாய் சிரிக்கவில்லை. "கழட்டிருவ பாப்பா. தூக்க எட்டு பேரு வோணுமே," என்றார். நைனா பிளாஸ்டிக் நாற்காலியைக் கால்வாய்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார். வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்

வெயில். கழற்றியவை: பேட்டரி (முதலில்). கதவு இரண்டு. சீட். பானெட். கியர் கம்பி. ஆக்ஸிலேட்டர், கிளச் ஒயர். ஸ்டீயரிங் தண்டு, சக்கரங்களை நேராக வைத்த பிறகு.

இனி டி.சை. = டிரைவர் சைடு, கி.சை. = கிளீனர் சைடு. விரல் வலிக்கிறது.

ஹிந்தி வீடியோ ஒன்று பார்த்துப் பார்த்துச் செய்கிறேன். பேச்சு புரியாது. அதில் வரும் மெக்கானிக்கின் கையை மட்டும் பார்க்கிறேன். ஒயர்களுக்கு அடையாளமாக அம்மாவின் ரவிக்கைத் துண்டுகள், வெட்டிய இரண்டு முனையிலும் ஒரே நிறம். ஹாரனுக்கு மாம்பழ மஞ்சள்.

சீட்டுக்கு அடியில் கிடைத்தவை: ஜல்லிக்கரண்டி ஒன்று (இதற்காக ஒரு சமையல்காரரிடம் எவ்வளவு திட்டு!), என் ஒற்றைக் கொலுசு, தாம்பூலப் பை, காய்ந்த வெற்றிலை.

டீக்கடையில் இரண்டு பேர், எனக்குக் கேட்காது என்று நினைத்து:

"இன்னாடா மச்சி, அந்தப் பொண்ணு வண்டியப் பிரிச்சு மேஞ்சுக்கினு கீது?"

"கழட்டறது எவன் வோணாலும் கழட்டுவான். திரும்ப மாட்டுமா, அத்தக் கேளு."

"நீ போய்க் கேளேன்."

"அது பேசாதுடா."

பிப்ரவரி 6, வியாழன்

நேற்று எழுதவில்லை. நேற்று முழுக்க போல்ட்டோடு போனது. கேபினைச் சேஸோடு பிடித்திருப்பவை ஆறு. ஐந்து வந்துவிட்டன. கி.சை. பின்பக்கத்து ஒன்று மட்டும் துருவில் கல்லாகிக் கிடந்தது. டீசல் ஊற்றி ஊறவைத்தேன். இன்று ஸ்பானர் பிடியில் இரும்புக் குழாயைச் செருகி நீளமாக்கி, அதில் என் மொத்த எடையோடு தொங்கினேன். டக். உடைந்ததோ என்று பயம். இல்லை, இளகியது. விரல் முட்டிகளில் தோல் போனது.

நைனாவின் நாற்காலி வண்டிப் பக்கம் திரும்பியிருக்கிறது. பேப்பர் படிக்கிறாராம். பேப்பர் நேற்றையது.

அம்மா பள்ளிக்கூட ஆயா வேலை முடித்து சாந்தோமிலிருந்து வந்ததும் என் கையைப் பார்த்து, "ஏன்டி, இந்தக் கையோட போனா பொடவயத் தொட வுடுவாங்களா?" என்றாள். வருத்தமாக முகத்தை வைத்துக்கொண்டேன். உள்ளே ஒரு சின்ன சந்தோஷம்.

பிப்ரவரி 7, வெள்ளி

மேகம், மழை இல்லை. எல்லாம் கழன்றுவிட்டது. கேபின் சும்மா உட்கார்ந்திருக்கிறது. ஆனால் எட்டு பேர்?

யார் யார் என்று எழுதிப் பார்த்தேன். ஆட்டோ ஸ்டாண்டில் நான்கு அண்ணன்கள். டீக்கடை மாஸ்டர். இஸ்திரிக்காரர். அதற்கு மேல் தெரியவில்லை. சரி, ஸ்டாண்டில் ஆரம்பிப்போம் என்று போனேன். வழியெல்லாம் மனப்பாடம்: அண்ணே, ஒரு அஞ்சு நிமிஷம் வந்து தூக்கிக் குடுக்கறீங்களா.

"அண்ணே," என்றேன்.

"எங்கம்மா போவணும்?"

"லஸ்."

ஏறி உட்கார்ந்துவிட்டேன். லஸ் வரைக்கும் போய் இறங்கி, நடந்தே திரும்பினேன். யாரிடமும் சொல்லவில்லை. எழுதும்போதே முகம் சுடுகிறது.

திங்கட்கிழமையை நினைத்தேன். ஆட்டோக்காரரிடமே வாய் வராதவள், வருகிற ஒவ்வொரு மேடத்திடமும்? வண்டிக்கு அடியில் போய்ப் படுத்து, கொஞ்சம் அழுகை.

அழுதுகொண்டே மேலே பார்த்தேன். கேபின் தரை. அதற்குக் கீழே சேஸ். நடுவில் விரல் நுழையும் இடைவெளி. அப்போதுதான் அந்த மண்டபத்துச் சமையல்காரர் ஞாபகம் வந்தது. ஜல்லிக்கரண்டிக்காகத் திட்டிய அதே ஆள். புதிதாக வந்த ஒருவன், கொதிக்கும் சாம்பார் அண்டாவை அடுப்பிலிருந்து இறக்க ஆள் கூப்பிட்டான். அவர் கத்தினார்: "அண்டாவ ஏன்டா தூக்கற? வெறக உருவுடா!"

கேபினை யாரும் தூக்க வேண்டாம். அது நிற்கிற இடத்திலேயே நிற்கட்டும். அடியிலிருந்து வண்டியை உருவிவிட்டால் போதும்.

பிப்ரவரி 8, சனி

நல்ல வெயில். பந்தல்காரரிடம் நீளமான சவுக்குக் கட்டை இரண்டு கேட்டேன், வாட்ஸ்அப்பில். எழுதினால் எனக்கு வரும். உடனே அனுப்பிவிட்டார். ரோடு போட்டவர்கள் விட்டுப்போன தார் டிரம் நான்கு, உருட்டி உருட்டிக் கொண்டுவந்தேன்.

நைனாவுக்குப் பொறுக்கவில்லை. "இன்னாதான் பண்ணப் போற?"

"வெறக உருவப் போறேன்."

புரியாமல் பார்த்தார். டிரம்மைப் பார்த்தார். கட்டையைப் பார்த்தார். அப்புறம் தலையில் கை வைத்துக்கொண்டார். "அடிப் பாவி," என்றார். அவர் சந்தோஷமாக இருந்தால் மட்டும் சொல்லும் பாவி அது.

ஜாக்கி ஒன்றுதான் இருக்கிறது. அதனால் மூலை மூலையாக. டி.சை. முன்னால் கொஞ்சம் ஏற்று, பலகை வை. கி.சை. பின்னால் கொஞ்சம், பலகை வை. ஒரு பக்கம் ரொம்ப ஏறினால் கேபின் முனகுகிறது. பின்சக்கரங்கள் அடியில் நுழைந்து போக வேண்டும், அதற்கு ஒரு முழம் உயரம். சவுக்குக் கட்டைகளைக் கேபினுக்குக் குறுக்கே அடியில் நுழைத்து, முனைகளை இரண்டு பக்கமும் டிரம் மேல் ஏற்றி, சறுக்காமல் கயிறு. இருட்டுவதற்குள் முடிந்தது.

கேபின் காற்றில் நிற்கிற மாதிரி இருக்கிறது. அடியில் தெருநாய் வந்து படுத்தது. துரத்தினேன். என்னை முட்டாள் என்பது போல் பார்த்துவிட்டுப் போனது.

பிப்ரவரி 9, ஞாயிறு

பனி இல்லை. காதர் பாய் மெஷினோடு சீக்கிரமே வந்துவிட்டார். டிரம்மைச் சுற்றி வந்து, ஒவ்வொரு கட்டையையும் தட்டிப் பார்த்தார். சட்டையைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

பின்னாலிருந்து தள்ள பாயும் அம்மாவும். முன்சக்கரம் கோணாமல் பார்த்துக்கொள்ள நான் முன்னால். நைனா தள்ளவே கூடாது, சக்கரத்துக்குக் கல் வைக்க மட்டும் என்று பேச்சு.

"போடு! தள்ளு!" பாய்.

நகர்ந்தது. என்ஜின் கேபினை விட்டு மெதுவாக வெளியே வந்தது. பல்லை எல்லாம் காட்டிச் சிரித்தேன் போல, வாய் காய்ந்துவிட்டது. சரியாக அப்போது ரயில் மேலே வந்தது. அப்போதுதான் பார்த்தேன், சேஸுக்கும் கேபினுக்கும் நடுவில் ஏதோ ஒன்று பாம்பு மாதிரி இழுபட்டு நேராகிறது. ஹேண்ட்பிரேக் ஒயர். ஒன்றையும் விடவில்லை என்று நினைத்தேனே. வண்டியோடு கேபினும் முன்னால் வருகிறது. டி.சை. டிரம் சாய்கிறது.

"நில்லுங்க," என்றேன். ரயில் சத்தம். யாருக்கும் கேட்கவில்லை. பின்னால் பாய், அம்மாவோடு மூன்றாவதாக ஒரு தோள். நைனா. தள்ளிக்கொண்டிருக்கிறார்.

"யோவ்! நிறுத்துய்யா!"

எல்லாம் நின்றது. ரயிலும் போய்விட்டிருந்தது. டீக்கடையில்கூட திரும்பிப் பார்த்தார்கள். நைனா என்னைப் பார்த்தார்.

"யோவ்-ஆ?"

அம்மா முதலில் சிரித்தாள். அப்புறம் பாய். நைனா தையல் போட்ட இடத்தைக் கையால் அமுக்கிக்கொண்டு, "அய்யோ, சிரிக்க வெக்காதீங்கடி, வலிக்குது," என்று உட்கார்ந்துவிட்டார். நான் டிரம்மை நிமிர்த்தி, கயிற்றை இறுக்கி, உள்ளே ஏறி ஒயரைக் கழற்றினேன். அடுத்த தள்ளலில் வண்டி முழுதாக வெளியே. கேபின் அதே இடத்தில், டிரம் மேல், காலியாக.

பாய் விரிசலை விரலால் தடவிப் பார்த்தார். "தகடு வெச்சுப் பத்த வெச்சா இன்னும் ரொம்ப நாள் ஓடும். பாப்பா, துருவச் சொரண்டு." கம்பி பிரஷ் கொடுத்தார். அரை மணி சுரண்டியிருப்பேன், நைனாவின் போன் அடித்தது. அத்தை.

"காயலாங்கடைக்காரர வர வோணாம், தொட்டியத் திருப்பிக் குடுத்துடுன்னு சொல்லிட்டேன்," என்றார் நைனா அத்தையிடம். "அவளா? நீ அவகிட்டயே கேளு." போனை என்னிடம் நீட்டினார். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவர் நீட்டியபடியே நின்றார்.

வாங்கினேன். "அத்தை, நாளைக்கு நான் வரல."

"ஏன், ஒடம்பு சரியில்லயா? செவ்வாக்கெயம வருவான்னு சொல்லட்டுமா?"

வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். வலி இல்லை.

"லீவு கேக்கல அத்தை. வரலன்னு சொல்றேன்."

பாய் வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "அந்தாண்ட திரும்பு பாப்பா, பத்த வெக்கப் போறேன்," என்றார். திரும்பிக்கொண்டேன். போன் முழுக்க கிரீஸ்.