சொல்லத் தோதான இடம்

ஏப்ரல் 7, செவ்வாய்

ஏழாம் வகுப்பு அறிவியல் புத்தகம் மூன்றாம் திருத்தத்துக்கு வந்திருக்கிறது. தவளையின் இதயத்துக்கு ஒரு பக்கத்தில் மூன்று அறை, அடுத்த பக்கத்தில் நான்கு. புத்தகக் குழுவுக்குப் போன் செய்தால், "எது சரின்னு நீங்களே பாத்துப் போட்டுடுங்க மேடம்" என்கிறார்கள். சரி, இனிமேல் தவளைக்கும் நானே பொறுப்பு.

மாலையில் நானும் அவரும் ஆலோசகரைப் பார்க்கப் போனோம். நாங்கள் பிரியப்போவதைப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்று கேட்க. பிப்ரவரியிலேயே முடிவெடுத்தாயிற்று, ஜூனில் அவர் தனி வீட்டுக்குப் போகிறார், அதுகளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. அந்த அம்மா சொன்னார்: "வீட்டுக்குள்ள உக்கார வெச்சு சொல்லாதீங்க. இந்த வயசுப் பிள்ளைங்க நேருக்கு நேர் பாத்தா காதை மூடிக்குவாங்க. வெளிய எங்கயாவது கூட்டிட்டுப் போங்க, நடந்துக்கிட்டே சொல்லுங்க." இவர் உடனே நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். 'நடந்துகொண்டே' என்பதற்கு அடிக்கோடு வேறு. பத்தொன்பது வருஷத்தில் நான் சொன்ன எதற்காவது நோட்டை எடுத்திருப்பாரா இந்த மனுஷன்?

ஆக, மே முதல் வாரம், ஐந்து நாள், கடலோரமாகவே காரில் போவது, தினமும் ஓரிடத்தில் இறங்கி நடப்பது. பிரிவதற்காக இவ்வளவு நடக்கிற குடும்பம் நாங்களாகத்தான் இருப்போம்.

ஏப்ரல் 9, வியாழன்

பெரிய கட்டடங்களில் தீப்பிடித்தால் யார் எந்தப் படியில் இறங்கி எங்கே போய் நிற்க வேண்டும் என்று திட்டம் போட்டுக் கொடுப்பது இவர் தொழில். அந்தத் திறமை முழுவதையும் இதில் இறக்கிவிட்டார். கணினியில் பெரிய அட்டவணை. பன்னிரண்டு இடங்கள். பாதையின் நீளம், ஏற்றம், நிழல், கழிப்பறை, செல்போன் சிக்னல். இது முதல் தாள். இரண்டாம் தாள் எங்கள் இருவருக்கு மட்டும். அதில் ஒவ்வோர் இடத்துக்கும் குறிப்பு: 'இங்கே பிள்ளைகளிடம் சொல்லலாம். பெஞ்சு உண்டு, கூட்டம் இல்லை, கார் இருநூறு மீட்டரில்.' 'இங்கே சொல்ல கூடாது. விளிம்பில் கம்பி இல்லை.'

'சொல்லக் கூடாது' என்று ஒற்றுப் போட்டுத் திருத்தினேன். கை சும்மா இருக்காது. ஆபீசிலிருந்து போன் செய்து நன்றி என்றார். பெண்டாட்டிக்கு நன்றி!

சிக்னல் வேண்டுமா வேண்டாமா என்று அரை மணி நேரம் வாதம். சிக்னல் இருந்தால் பெரியவள் அடுத்த நிமிஷமே தோழிகளுக்குச் சொல்லிவிடுவாள் என்கிறார். இல்லாவிட்டால் யாராவது மயங்கி விழுந்தால் என்ன செய்வது என்கிறேன் நான். கடைசியில் 'ஒரு கோடு சிக்னல்' என்று சமரசம்.

முதல் தாளை மட்டும் பிள்ளைகளுக்கும் அனுப்பிவிட்டாராம். "திட்டம்னா கட்டடத்துல இருக்கிற அத்தனை பேருக்கும் தெரியணும். அதான் விதி." பிடித்த இடங்களை அவர்களே தேர்ந்தெடுக்கட்டுமாம். அடேங்கப்பா, வீட்டில் ஜனநாயகம்.

ஏப்ரல் 10, வெள்ளி

சாயங்காலத்திலிருந்து பெரியவள் அறைக் கதவு சாத்தியே இருக்கிறது. சின்னவனும் உள்ளேதான். 'தம்பிக்கு அனுமதி இல்லை' என்று கதவில் எழுதி ஒட்டியவள் எப்படி விட்டாள்? இரண்டும் சாப்பிட வரவில்லை. பரீட்சை முடிந்த அலுப்பாக இருக்கும்.

ஏப்ரல் 12, ஞாயிறு

இடம் தேர்ந்தெடுக்கும் மாபெரும் கூட்டம், சாப்பாட்டு மேஜையில்.

பெரியவளுக்குப் பதினேழு வயது. தண்ணீர் பாட்டிலை நிரப்பக்கூட எழுந்து போக மாட்டாள், தம்பியை ஏவுவாள். அப்பேர்ப்பட்ட மகாராணி இன்று கேட்ட இடங்கள்: கயிறு பிடித்து ஏறுகிற பாறை, நானூறு படிக்கட்டு, பேய்க்காற்று அடிக்கிற கலங்கரை விளக்கு முனை. நாங்கள் ஆசையாகக் குறித்துவைத்திருந்த பெஞ்சு இடங்களை எல்லாம் ஒரே வார்த்தையில் தள்ளினாள். "அங்க தாத்தா பாட்டிங்கதான் போவாங்க."

"படியேற உன்னால முடியுமா?" என்றேன்.

"உன்னாலதான் முடியாதும்மா."

பதினான்கு வயதுச் சின்னவன் வழக்கமாக அக்கா கிழக்கென்றால் மேற்கென்பான். இன்று அவள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினான். ஒரே ஒரு இடம் மட்டும் அவன் கேட்டான், அலை பாறையில் மோதுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் பேசுவதுகூடக் கேட்காதாம், சூப்பராம்.

அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். நாசமாப் போச்சு.

ஏப்ரல் 13, திங்கள்

அடுப்படியில் நின்று குசுகுசுவென்று பேரம். முதல் மூன்று நாள் அவர்கள் கேட்ட இடங்கள், நான்காம் நாள் எங்கள் பெஞ்சு, ஐந்தாம் நாள் நீள மணல்திட்டு. "அலை சத்தத்துல கத்தித்தான் சொல்லணும் போல" என்று இவர் கையை வாயருகே குவித்து, "பிள்ளைகளே, ஒரு அறிவிப்பு" என்று ஒலிபெருக்கிக் குரலில் நடித்துக் காட்டினார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவரும் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வர. எத்தனை மாதமாயிற்று நாங்கள் இப்படிச் சேர்ந்து சிரித்து? பிரிவதைத் திட்டம் போடுவதில் எங்களை அடித்துக்கொள்ள ஆளில்லை.

ஆலோசகர் அன்றைக்குக் காரணம் கேட்டார். இரண்டு பேருமே முழித்தோம். அடியில்லை, குடியில்லை, இன்னொருத்தி இல்லை, இன்னொருத்தன் இல்லை. ஒருவர் வந்தால் ஒருவர் போகிற காவலாளிகள் மாதிரி ஒரே வீட்டில் முறை மாற்றிக்கொண்டிருக்கிறோம், ஏழெட்டு வருஷமாக. பேச்சென்றால் பட்டியல்தான், வாங்க வேண்டியது, கட்ட வேண்டியது, கூட்டிவர வேண்டியது. இதைச் சின்னவனுக்கு எப்படி விளக்குவேன்?

ஏப்ரல் 25, சனி

நான்கு பேருக்கும் நடைக்காலணி வாங்கினோம். கடைக்காரர், "குடும்பமா கிளம்பிட்டீங்களா, இந்தக் காலத்துல யார் சார் இப்படி சேர்ந்து போறாங்க!" என்றார். இவர் பல்லைக் காட்டினார். நான் சாக்ஸ் பார்க்கிற மாதிரி அந்தப் பக்கம் போய்விட்டேன்.

மே 4, திங்கள்

முதல் நாள். கலங்கரை விளக்கு முனை. காற்று என் துப்பட்டாவைப் பிடுங்கிக்கொண்டு போனது. பேச வாயைத் திறந்தால் வாய் நிறைய மணல். இவர் ஏதோ சொன்னார், "என்னது?" என்றேன். மறுபடி சொன்னார், மறுபடி "என்னது?" காருக்கு வந்த பிறகு தெரிந்தது, தொப்பி பறந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.

மே 5, செவ்வாய்

சின்னவனின் அலைப்பாறை. காலை பத்து மணிக்கே போயாக வேண்டும் என்று பெரியவள் ஒற்றைக் காலில் நின்றாள். விடுமுறையில் பதினொன்றுக்கு முன்னால் கண் திறக்காதவள்! போய்ச் சேர்ந்தால், கோடை முகாமாம், அறுபது குழந்தைகள், இரண்டு பஸ். இவர் சளைக்கவில்லை. ஓரமாக ஒரு கல்லைப் பார்த்து உட்காரவைத்து, தொண்டையைச் செருமி, "உங்க ரெண்டு பேர்கிட்டயும் ஒரு விஷயம்—" என்றார். சின்னவன், "அப்பா, ஷூ கடிக்குது" என்று கழற்றிவிட்டான். கொப்புளம் ஒன்றும் இல்லை. நானே பார்த்தேன், பட்டுப்போல இருந்தது பாதம்.

மே 6, புதன்

நானூற்றுப் பதினேழு படி. எண்ணினேன், வேறென்ன செய்ய, மூச்சு விடவே வழியில்லாதபோது என்னத்தைப் பேசுவது? முந்நூறாவது படியில் உட்கார்ந்துவிட்டேன். பெரியவள் இறங்கி வந்து கையை நீட்டினாள். "எழுந்திரும்மா, மேல போய் உக்காரலாம்." மேலே வரை கையை விடவில்லை. கடைசியாக இவள் என் கையைப் பிடித்தது எப்போது? ஆறாம் வகுப்பிலா?

மேலே நின்று நால்வரும் ரொட்டி தின்றோம். கடல் கீழே கிடந்தது. யாரும் எதையும் கெடுக்கவில்லை. சந்தோஷமாக இருந்தேன் என்று எழுதினால் சிரிப்பு வருகிறது, ஆனால் இருந்தேன்.

மே 7, வியாழன்

எங்கள் பெஞ்சு. மூன்று நாள் பொறுத்ததற்குப் பலன். ஆளில்லை, காற்றில்லை, ஒரே ஒரு கோடு சிக்னல். இவர் முகத்தில் அப்படியொரு திருப்தி. அப்போது ஒரு வயதான தம்பதி மெல்ல வந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு வணக்கம் சொல்லச் சொன்னால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்கிற என் பிள்ளைகள் துள்ளி எழுந்தார்கள். "வாங்க அங்கிள், உக்காருங்க! ஆன்ட்டி, பிஸ்கட் எடுத்துக்குங்க!"

அங்கிள் ஓய்வுபெற்ற கப்பல் எஞ்சினியர். ஒன்றேகால் மணி நேரம் டீசல் எஞ்சின் பற்றி வகுப்பெடுத்தார். பெரியவள் சந்தேகம் கேட்கிறாள்! "பிஸ்டன் வளையம் தேஞ்சா எப்படி அங்கிள் கண்டுபிடிப்பீங்க?"

என்னவோ சரியில்லை.

மே 8, வெள்ளி

 விடுதி அறை, சாயங்காலம் ஐந்து மணி. எழுதித் தீர்க்க வேண்டும்.

மணல்திட்டு. இரண்டு கிலோமீட்டர் நேராக, தட்டையாக, ஒன்றுமே இல்லாத இடம். பாதி தூரத்தில் இவர் நின்றார். "அம்மாவும் நானும் ஒண்ணு பேசி—"

"சொல்லுங்கப்பா" என்றாள் பெரியவள். "இன்னிக்கு சொல்லலாம். கடைசி நாள்தானே."

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எங்களுக்குத் தெரியும்பா. நீங்க ஃபைல் அனுப்பின மறுநாளே."

"முதல் தாள்தானே அனுப்பினேன்?"

"முழுசாத்தான் வந்துச்சு" என்றான் சின்னவன், மணலைக் காலால் நோண்டிக்கொண்டே. "கீழ ரெண்டாவது தாள்னு இருந்துச்சு. தொட்டேன், தொறந்துடுச்சு."

ஊரில் இருக்கிற கட்டடத்துக்கெல்லாம் பாதுகாப்புச் சொல்கிற மனுஷன். நான் மட்டும் என்ன, அந்தத் தாளில் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தேனே, அது யாருக்கெல்லாம் தெரிகிறது என்று பார்த்தேனா?

"'சொல்லக் கூடாது'ல 'க்'கூடப் போட்டிருந்தியேம்மா நீ" என்று பெரியவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முகம் கோணிப்போய் அழுதாள்.

அந்தப் படிக்கட்டு, அலை, காற்று, கோடை முகாம் எல்லாம் வேண்டுமென்றே செய்ததா? ஆமாம் என்றாள். அந்தப் பஸ் செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வரும் என்று முகாம்காரர்களின் இணையப் பக்கத்தில் போட்டிருந்ததாம்.  "எங்களைச் சேத்து வைக்கணும்னா பண்ணீங்க?" என்று கேட்டேன். கேட்டபோது என் குரலில் ஒரு நப்பாசை இருந்தது. எனக்கே தெரிந்தது.

"அதெல்லாம் இல்லம்மா. நீங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணா கேக்கவா போறீங்க? ரெண்டாவது நாளே சொல்லிடுவீங்க, அப்புறம் மிச்ச மூணு நாள் கார்ல எப்படி உக்கார்றது? நாலு பேரா போற கடைசி ட்ரிப்பு இது. முழுசா வேணும்னு நெனச்சோம். அவ்ளோதான்."

"நாலரை நாள் கெடச்சுது" என்றான் சின்னவன். அதற்கு மேல் அவனால் முடியவில்லை.

இவர் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகள் கலங்காமல் கேட்க இடம் பார்த்தோம், நிழல் பார்த்தோம், பெஞ்சு பார்த்தோம். இதுகள் ஒரு மாதமாக எல்லாம் தெரிந்து, தனியாக அழுது முடித்து, எங்களுக்காகச் சிரித்துக்கொண்டு வந்திருக்கிறதுகள். இப்படியொரு வெட்கம் என் ஜென்மத்தில் பட்டதில்லை. சின்னவனை இழுத்து அணைத்துக்கொண்டேன். வியர்வை நாற்றம், உப்பு, மணல். விடவே இல்லை அவன்.

மே 9, சனி

வீடு வந்தோம். வழியெல்லாம் நால்வரும் பேசினோம், நிஜமாகவே பேசினோம். அப்பாவின் புது வீட்டில் யாருக்கு எந்த அறை என்று சண்டைகூட வந்துவிட்டது.

ஜூன் 13, சனி

அவர் போய்விட்டார். பெட்டிகளைப் பிள்ளைகள்தான் இறக்கிக் கொடுத்தார்கள். எல்லாம் அமைதியாக, மரியாதையாக நடந்தது. வாசலில் நின்று, "எல்லாம் எடுத்துக்கிட்டீங்களா?" என்றேன். விருந்தாளியை வழியனுப்புகிற மாதிரி. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். கேட்கிறவர்களிடமெல்லாம் அப்படித்தான் சொல்கிறேன்.

ஜூன் 20, சனி

பல்பொருள் அங்காடிக்குப் பெரியவளோடு போனேன். பழக்கதோஷம், அவருடைய முகச்சவர நுரை டப்பாவை எடுத்து வண்டியில் போட்டேன். போட்ட பிறகுதான் உறைத்தது. திரும்ப வைக்கப் போன கை அப்படியே நின்றுவிட்டது. சனிக்கிழமைக் கூட்டம், பின்னால் ஒரு அம்மாள் வண்டியால் இடிக்கிறாள், எதிரே கடைப் பையன் விலைச்சீட்டு ஒட்டுகிறான், நான் நட்ட நடுவில் நின்று தேம்பித் தேம்பி அழுகிறேன். பிப்ரவரியிலிருந்து ஒரு சொட்டு அழாதவள்.

பெரியவள் டப்பாவை வாங்கி அடுக்கில் திரும்ப வைத்தாள். என் தோளைப் பிடித்துக் காதருகே சொன்னாள்: "இங்க வேணாம்மா. கடைசி வரிசைல துடைப்பம், வாளி இருக்கிற பக்கம் யாருமே வரமாட்டாங்க. வா, நான் கூட நிக்கிறேன்."