நீ துப்பிய ஹைட்ரோகுளோரைடு

என் செல்லத் தம்பி குமரேசா,

காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். ஸ்ரீரங்கத்து வீட்டில் இப்போது நானும் உன் தேவகியும்தான். உன்னை நினைத்தால் அழுகை வருகிறது. அதைவிட ஆத்திரம் அதிகமாக வருகிறது. இப்போதாவது எதிர்ப்பேச்சு பேசாமல் கேள்.

நீ போனதிலிருந்து தேவகி சர்க்கரை மாத்திரையைத் தொடவில்லை. உங்கள் இருவருக்கும் ஒரே மாத்திரை, என் தில்லை நகர் மருந்துக்கடையிலிருந்து வந்தது. ஏன் என்று கேட்டேன்.

"தினமும் காலையில என் கையாலதானே அவருக்குக் குடுத்தேன் அண்ணி? அந்த ஆசிட்டுதான் அவர் காலை அரிச்சிருக்கு. நான்தான் கொன்னுட்டேன்."

ஆசிட் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்த மகான் நீதான். ஃபேக்டரியில் துருப்பிடித்த குழாய்களை ஹைட்ரோகுளோரிக் அமிலத் தொட்டியில் முக்கியெடுத்தே வயதானவன். கையில் அதன் தழும்பு வேறு. மாத்திரை அட்டையில் 'மெட்ஃபார்மின் ஹைட்ரோகுளோரைடு' என்று பார்த்ததும் கடைக்கே வந்து கத்தினாய். "துரு எடுக்கிற சனியனையா எனக்கு விக்கிற?"

பொறுமையாகத்தானே சொன்னேன்? பல மருந்துகள் காரத்தன்மை உள்ளவை. தனியாக விட்டால் சில தண்ணீரில் சரியாகக் கரையாது, சில ஈரத்தை இழுத்துக் கெட்டுப்போகும். அமிலத்தோடு சேர்த்தால் இரண்டும் ஒன்றையொன்று அடக்கி உப்பாகிவிடும். ஹைட்ரோகுளோரைடு என்கிற அந்த உப்பு நன்றாகக் கரையும், கெடாமல் இருக்கும். துருவைத் தின்கிற குணம் அதில் இருக்காது. உன் தொட்டியிலிருந்த அதே அமிலம் உன் வயிற்றிலேயே சுரக்கிறது, அதற்கு யாரைத் திட்டுவாய் என்றும் கேட்டேன். "சரிக்கா" என்று பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினாய்.

இன்று காலை கொல்லைப்புறத்தைக் காலி செய்தேன். உன் பழைய ஃபேக்டரி பூட்ஸைக் கவிழ்த்தால் கொட்டுகின்றன மாத்திரைகள். எச்சில் பட்டு ஊறி, காய்ந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. அவள் கொடுத்ததைக் கன்னத்தில் அடக்கி, தண்ணீரையும் குடித்துக் காட்டிவிட்டு, பின்னால் போய்த் துப்பியிருக்கிறாய்.

புத்தூர் ஆஸ்பத்திரியில், சர்க்கரை முற்றி அழுகிய உன் காலை எடுப்பதற்கு முன்னால் டாக்டர் அவளைத்தானே திட்டினார்? "மாத்திரை ஒழுங்கா குடுத்தீங்களாம்மா, இல்லையா?" ஒரு நாள்கூட விடவில்லை என்று அவள் அழுதாள். நீ ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாய். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? பெண்டாட்டி முன்னால் பொய்யனாக வேண்டாம், அவள் கொலைகாரியாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டாயா?

நான் வாயை மூடியிருந்தால் உன் பெயர் பிழைத்திருக்கும், அவள் பிழைக்க மாட்டாள். பூட்ஸைக் கொண்டுபோய் அவள் முன்னால் கொட்டினேன். நீ முழுங்கியதால் சாகவில்லை, முழுங்காததால்தான் செத்தாய் என்று சொன்னேன்.

ஒட்டிக்கிடந்த மாத்திரைகளை விரலால் பிரித்துப் பார்த்தாள். "என் முன்னாடிதானே அண்ணி தண்ணி குடிச்சாரு" என்றாள். பிறகு எழுந்துபோய்த் தன் மாத்திரையை எடுத்துப் போட்டுத் தண்ணீர் குடித்தாள். மாலை போட்ட உன் படத்தின் முன்னால் நின்று வாயை அகலத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினாள்.

"நல்லா பாத்துக்குங்க. முழுங்கிட்டேன்."

இனி தினமும் அங்கே நின்றுதான் முழுங்குவாளாம். நான் இருக்கும்வரை அவளுக்கு மாத்திரை தீராமல் பார்த்துக்கொள்கிறேன். உன் படத்தையும் அந்த இடத்தைவிட்டு நகர்த்த விடமாட்டேன். தினமும் காலையில் நீ அதைப் பார்த்தே ஆக வேண்டும்.

இடுப்பில் தூக்கி வளர்த்த பாவத்துக்கு,
உன் அக்கா