ஓடைக்கரை இறக்கம்

அக்டோபர் 6, 2024, ஞாயிறு

அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மலைமேல் சோளக்காடு வரை சைக்கிளில் ஒரு மணி ஐம்பத்து மூன்று நிமிடம். போன மாதத்தைவிட நான்கு நிமிடம் குறைவு. எழுபது வளைவுகளில் இரண்டில் மட்டும் கால் ஊன்றினேன். ஒன்று பேருந்துக்கு வழிவிட, இன்னொன்று குரங்குக் கூட்டத்துக்கு.

முரளி சார் எனக்கு முன்பே ஏறிவிட்டார். எங்கள் பள்ளியில் வேதியியல் எடுப்பவர். ஞாயிற்றுக்கிழமை சைக்கிளுக்கு அவர் ஒருவர்தான் துணை. "டீச்சர், நாப்பத்திமூணு வயசுல இது பெரிய விஷயம்ங்க" என்றார். வயதை ஏன் சேர்த்துக்கொள்கிறார்கள்?

ஆசிரியர் அறையிலும் கேட்கிறார்கள், ஸ்கூட்டர் இருக்கும்போது எதற்கு மிதிக்கிறீர்கள் என்று. கணவர் ரமேஷ்குமார் ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டியோடு சத்தீஸ்கரில். மகள் கோவையில் விடுதியில். ஞாயிறு முழுக்க வீட்டில் ஃபிரிட்ஜ் சத்தம் மட்டும்தான். இதையெல்லாம் பதிலாகச் சொல்ல முடியாது.

அக்டோபர் 13, ஞாயிறு

மேலே ஏறியதும் திரும்பிவிடாமல் எடப்புளி நாட்டுப் பக்கம் போனோம். அங்கே ஒரு ரோடு ஓடையை ஒட்டியே இறங்குகிறது. கீழே படிப்படியாக நெல் வயல். மேட்டுப் பக்கம் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி. இரண்டு ஓரமும் ஆள் உயரத்துக்கு உன்னிச்செடி வேலி; நடுநடுவே காட்டுக்குள் போகச் சந்து விட்டிருக்கிறார்கள். ஒரு வண்டியும் இல்லை. மூன்று கிலோமீட்டர் பெடலைத் தொடவே வேண்டாம்.

சைக்கிள் மீட்டரில் அதிகபட்ச வேகம் நாற்பத்தாறு.

அக்டோபர் 20, ஞாயிறு

ஒரு பெண்மேல் மோதிவிட்டேன்.

ஓடைக்கரை இறக்கத்தில், இரண்டாவது திருப்பம் தாண்டி. வேலிச் சந்திலிருந்து திடீரென்று ரோட்டுக்கு வந்தார். தலையில் சாமைக் கதிர்க்கட்டு. பிரேக் பிடிக்க நேரமில்லை.

பெயர் மாராயி. ஐம்பது வயது இருக்கும். கதிரெல்லாம் சிதறிக் கிடக்க, ஒருக்களித்து விழுந்தபடியே என்னைப் பார்த்துக் கேட்டார்: "சாமி, உங்களுக்கு அடி கிடி பட்டுடுச்சா?" எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவருக்கு இடுப்பெலும்பு.

ஆம்புலன்ஸ் வர ஒரு மணி பத்து நிமிடம். நானும் ஏறிக்கொண்டேன். எழுபது வளைவும் இறங்க வேண்டும். ஒவ்வொன்றிலும் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சத்தம் போட்டார். முப்பது வரை எண்ணினேன். பிறகு எண்ணவில்லை.

நாமக்கல் ஆஸ்பத்திரியில் எப்படி ஆயிற்று என்று கேட்டார்கள். ஊர்க்காரர் ஒருவரின் பைக்கில் பின்னால் வந்து சேர்ந்திருந்த முரளி சார் சொன்னார், "கதிர்க்கட்டோட வழுக்கி விழுந்துட்டாங்க." அப்படியே எழுதிக்கொண்டார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அக்டோபர் 21, திங்கள்

பள்ளிக்குப் போனேன். பத்தாம் வகுப்புக்கு நிகழ்தகவு.

அக்டோபர் 24, வியாழன்

நேற்று அறுவை சிகிச்சை முடிந்து, பிளேட் வைத்திருக்கிறார்கள். மாலையில் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன். மாராயியின் கணவர் சின்னுசாமி எழுந்து நின்று எனக்கு ஸ்டூலைத் தந்தார்.

"பாருங்க டீச்சர், எத்தனி வாட்டி சொல்லியிருக்கறேன், ரோட்டப் பாத்துத் தாண்டுன்னு. இவளுக்குக் காது மந்தமுங்க. நல்ல நேரம், நீங்களா இருந்தீங்க. வேற ஆளா இருந்தா போட்டுட்டுப் போயிருப்பான்."

மாராயி மெதுவாக, "பாத்துட்டுத்தான் வந்தேன். ஒரு சத்தமுங் கேக்கலையே" என்றார். கணவர் முறைத்ததும் மாற்றிக்கொண்டார். "இல்லீங்க, நாந்தான் பாக்காம வந்திருப்பேன். உங்களையும் சேத்து விழ வெச்சுட்டேன் சாமி."

ஒரு பழத்தை உரித்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

நவம்பர் 1, வெள்ளி

தீபாவளிக்கு ரமேஷ் வரவில்லை. ஃபோனில் விஷயத்தைச் சொன்னேன். "அந்தம்மாவே தப்பு எம்மேலன்னு சொல்லுதுல்ல? அப்புறம் என்ன? போலீஸ் கீலீஸ்னு இழுக்காம விட்டுரு" என்றார். பின்னால் போர் வண்டி ஓடும் சத்தம். விட்டுவிடலாம்தான்.

நவம்பர் 10, ஞாயிறு

மழை. சைக்கிள் துடைத்தேன்.

நவம்பர் 24, ஞாயிறு

பேருந்தில் ஏறி மாராயியைப் பார்க்கப் போனேன். ரோட்டிலிருந்து பத்து நிமிடம் நடக்க வேண்டும். வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வாக்கர் சுவரோரம் சாத்தியிருந்தது. அதில் துணி காயப்போட்டிருந்தார்கள். நடப்பதில்லையாம்.

சின்னுசாமி மரவள்ளிக்கிழங்கு வேகவைத்துத் தந்தார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மாராயியின் சாமைக் காட்டைத் தன் தம்பியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டாராம். அது மாராயியின் அப்பா அவருக்குக் கொடுத்த காடு. "இனி இவள ரோட்டுப் பக்கம் உடறதா இல்லீங்க. இன்னொரு தரம் விழுந்தா யாரு தூக்கறது?"

அவர் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் மாராயி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டீச்சர், நீங்க படிச்சவங்க, சொல்லுங்க. ஓடைத் தண்ணிச் சத்தம் கேக்குது. கோழி கேக்குது. அன்னிக்கு ரெண்டு பக்கமும் பாத்தனே, அதுவும் நெனப்பு இருக்குது. பொறவு எப்படிங்க? மூளையில ஏதாச்சும் ஆயிப்போச்சா? அவரு அப்படித்தான் சொல்றாரு. எனக்கும் பயமா இருக்குது. வாசப்படி எறங்கவே கால் வர்ல."

ஒன்றும் இருக்காதுங்க என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

நவம்பர் 25, திங்கள்

எழுதிவிடுகிறேன்.

அவர் திடீரென்று வரவில்லை. ரோட்டின் பாதியைத் தாண்டியிருந்தார். நான் தலையைத் தூக்கியபோது கதிர்க்கட்டு கண்ணுக்கு நேராக இருந்தது. அதற்கு முன் ஐந்தாறு விநாடியாவது நான் ரோட்டைப் பார்க்கவில்லை. மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பத்தொன்பது புள்ளி ஆறு. ஐம்பது வருகிறதா என்று பார்த்தேன்.

மணிக்கு ஐம்பது என்றால் விநாடிக்குப் பதினான்கு மீட்டர். அவர் இரண்டு பக்கமும் பார்த்தபோது நான் திருப்பத்துக்கு அந்தப் பக்கம் இருந்திருப்பேன். சைக்கிளுக்குச் சத்தம் கிடையாது. பெல்லையும் ஜூன் மாதமே கழற்றிவிட்டேன், கடகடக்கிறதென்று.

அவங்க காதுல ஒண்ணுமே இல்ல. எனக்குத் தெரியும், அன்னிக்கே தெரியும். தெரிஞ்சே ஆரஞ்சு உரிச்சுக் குடுத்துட்டு வந்திருக்கேன் — என்ன பொம்பள நான்?

அக்டோபர் 20-ல் எழுதியிருப்பது பொய். அதை அடித்துத் திருத்தவில்லை. இருக்கட்டும்.

டிசம்பர் 9, திங்கள்

முரளி சாரிடம் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமை மாராயியிடம் போய் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்று. ஆய்வகக் கதவைச் சாத்தினார்.

"டீச்சர், ஆஸ்பத்திரியில சொன்னது நானு. என்னையும் சேத்து மாட்டி விடறீங்க. ரெண்டு பேருக்கும் அரசாங்க வேலைங்க."

"உங்க பேரைச் சொல்லமாட்டேன்."

"நான் அங்க நின்னது அவங்களுக்குத் தெரியாதா?"

அவர் எனக்காகத்தான் அன்று பொய் சொன்னார். அதுவும் உண்மை.

டிசம்பர் 15, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

சைக்கிளிலேயே போனேன். எதில் வந்தேன் என்பதை அவர்கள் பார்க்கட்டும் என்று தோன்றியது. நேரம் பார்க்கவில்லை. இறக்கம் முழுவதும் தள்ளிக்கொண்டு நடந்தேன்.

இருவரும் வாசலில் இருந்தார்கள். நின்றபடியே சொன்னேன். மீட்டர், வேகம், பெல், எல்லாம். "அவங்க பார்த்துத்தான் வந்தாங்க. நான்தான் பார்க்கலை. காதும் மூளையும் நல்லா இருக்குது. ஆஸ்பத்திரியில வழுக்கி விழுந்ததா சொன்னப்ப நான் வாயத் தொறக்கலை. நீங்க ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்தாலும் நான் வந்து இதையே சொல்றேன்."

சின்னுசாமி என் சைக்கிளைப் பார்த்தார். கோழி ஒன்று என் சக்கரத்தைக் கொத்திக்கொண்டிருந்தது.

பிறகு, "கேசெல்லாம் வேண்டாமுங்க" என்றார். "ரெண்டு மாசமா இவள நான் வையாத வார்த்த இல்ல. குருடின்னேன், செவிடின்னேன். நீங்க அந்த ஸ்டூல்ல உக்காந்து கேட்டுட்டுத்தான் இருந்தீங்க."

"ஆமாங்க."

"போயிட்டு வாங்க டீச்சர்." கொஞ்சம் நிறுத்தி, "இல்லீங்க, போங்க. இனி இந்தப் பக்கம் வரவேண்டாம்."

மாராயி அவரைக் கவனித்ததாகவே தெரியவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்: "அப்ப எங்காது நல்லாத்தான் இருக்குதா?"

"நல்லா இருக்குதுங்க."

"நான் ரெண்டு பக்கமும் பாத்தேன்?"

"பாத்தீங்க."

புருஷன் பக்கம் திரும்பினார். "கேட்டியா?" என்றார். அதுவரை அவர் கணவரை ஒருமையில் பேசி நான் கேட்டதில்லை. சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத முகம். என்னை மன்னித்ததாக ஒரு சொல் இல்லை. நானும் கேட்கவில்லை.

டிசம்பர் 22, ஞாயிறு

மலைக்குப் போகவில்லை.

ஜனவரி 19, 2025, ஞாயிறு

சேந்தமங்கலத்துக்குத் தெற்கே, கிளுவை வேலி போட்ட தோட்டங்களுக்கு நடுவே முப்பது கிலோமீட்டர். சமதளம். மீட்டரைக் கழற்றிவிட்டேன், அதனால் முப்பது என்பது உத்தேசம். ஆடு மேய்ப்பவர்கள் எழுந்து நின்று பார்க்கிறார்கள்.

ரமேஷ் பொங்கலுக்கு வந்திருந்தார். "வலியப் போய்ச் சொல்லணுமா?" என்றார். ஆமாம் என்றேன். பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. முரளி சார் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

இடைவேளையில் முரளி சார் என் மேசைக்கு வந்தார். இரண்டு மாதத்தில் முதல் முறை. உட்காரவில்லை.

"நேத்து ஓடைக்கரை ரோட்டுல போனேனுங்க. மெதுவாத்தான். ரெண்டாவது திருப்பத்துக்கிட்ட அந்தம்மா கோல் ஊனிட்டு நின்னாங்க. தனியா. கையக் காட்டி நிறுத்தினாங்க."

நான் பேனாவை மூடினேன்.

"'உங்க டீச்சர் வரலையா'ன்னு கேட்டாங்க. இப்பல்லாம் வர்றதில்லைங்கன்னு சொன்னேன்."

"அதுக்கு?"

"ரெண்டு பக்கமும் பாத்தாங்க. ரோட்டத் தாண்டி அவங்க காட்டுக்குப் போயிட்டாங்க."

மணி அடித்தது. ஒன்பதாம் வகுப்புக்குப் போனேன்.