பொம்மை இல்லை, என் முகம்

5-8-77, வெள்ளி. ஈசா டவுன் கேம்ப்
காலையிலேயே தகரக் கூரை கொதிக்கிறது. லீவு. துணி துவைக்கவில்லை. பிளேடு வாங்க வேண்டும்.

நான் செய்துகொண்டிருந்த தலை முடிந்தது. நாலு வெள்ளிக்கிழமை வேலை. கட்டட சைட்டில் மிஞ்சிய ஜிப்சம் மாவு, சவரக் கண்ணாடி, என் மூஞ்சி. ஊர் ஸ்டூடியோக்காரன் என்னை எப்போதும் வெளுப்பாக்கித்தான் போட்டோ கொடுப்பான். இதில் கரிப்பொடி கலந்தேன். நான் எவ்வளவு கறுப்போ அவ்வளவு கறுப்பு. கண்ணுக்கு மை. உதட்டுக்குச் சிவப்பு. மூக்கில் கம்பி வளைத்து மூக்குத்தி. நான் போட்டுக்கொள்ளத் துணியாதது.

மு.விடம் மட்டும் காட்டினேன். (பெயர் முழுதாக வேண்டாம். ரூமில் ஆறு பேர்.) கம்பெனி பஸ் டிரைவர். இந்த அரபு ஊர்க்காரன்தான், ஆனால் அவன் தாத்தாவை ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாகப் பிடித்து வந்தார்களாம். என்னைவிடக் கறுப்பு. எனக்கு அவன்மேல் ஆசை. எழுதிவிட்டேன், இருக்கட்டும். பார்த்ததும், "யே தூ ஹை" என்றான் இந்தியில். இது நீதான். சிரிக்கவில்லை.

7-8-77, ஞாயிறு
சாரம் சரிந்து ஒருவனுக்குக் கால் முறிவு. கயிறு இற்றுப்போயிருந்தது. மேஸ்திரியோ கண்ணு பட்டுவிட்டது என்கிறார். ஊரென்றால் பொம்மை கட்டலாமே என்று ஒரே புலம்பல்.

8-8-77, திங்கள்
அயோக்கியத்தனம்! மூணாம் மாடிச் சாரத்தில் என் தலை தொங்குகிறது. என் கட்டிலடியிலிருந்து எடுத்திருக்கிறார் மேஸ்திரி.

"என்னைக் கேக்காம ஏன் எடுத்தீங்க?"

"இதுக்குக் கேக்கணுமாக்கும்? கரி மூஞ்சி, ஆம்பளையா பொம்பளையான்னே தெரியல. பாத்த கண்ணு அவிஞ்சிரும். நல்லாத்தான் செஞ்சிருக்கப்பா!"

பாராட்டு வேறு. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுதான் ஆறவில்லை. போகிறவன் வருகிறவனெல்லாம் அண்ணாந்து பார்த்து 'தூ தூ' என்று துப்புகிறான். அது நான்தான் என்று சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் தினம் துப்பு வாங்க வேண்டும்.

9-8-77, செவ்வாய்
தலைவலி. சோறு இறங்கவில்லை. மு. பஸ்ஸை நிறுத்தி மேலே பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். பஸ்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஏதாவது கேட்டிருக்கலாம்.

10-8-77, புதன், மத்தியானம்
ஏறி அவிழ்த்தேன். காலை எட்டு மணிக்கு, அத்தனை பேர் முன்னால்.

"அவுக்காதடா! இன்னொருத்தன் விழுவான்! திருஷ்டி பொம்மைடா அது!"

"பொம்மை இல்ல மேஸ்திரி. நான்."

"என்னடா உளர்ற?"

"அந்தக் கறுப்பும் நான், மையும் நான். கயித்த மாத்துங்க, எவனும் விழ மாட்டான்."

தலையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். யாரும் சிரிக்கவில்லை. மூன்று மணிக்கு என்ஜினியர் கூப்பிட்டிருக்கிறார். தலையையும் எடுத்துக்கொண்டுதான் போகிறேன்.