மேடையில் நான் சேர்த்துக்கொண்ட உதாரணம்

அன்புள்ள அப்பாவுக்கு,

இன்று மாலை தேயிலைத் தோட்டத்து மண்டபத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். எனக்குச் சாதகமாக ஒரு வார்த்தையும் மாற்றமாட்டேன்.

நீங்கள் இறந்தபிறகு முதன்முறையாக இளைஞர் மன்றம் பட்டிமன்றம் வைத்தது. மாணவர்களின் உயர்கல்விக்கு மக்கள் வரிப்பணத்தைத் தரலாமா என்பது தலைப்பு. சீட்டு எடுத்ததில் எனக்குத் 'தரக்கூடாது' பக்கம் வந்தது. காலையில் அக்காதான் கட்டிலில் உட்கார்ந்து என் பேச்சைக் கேட்டாள். "கொழுந்து கிள்ளுகிறவர் வாங்கும் சாமானிலும் வரி இருக்கிறது. அந்தக் காசில் படித்தவர் நாளைக்குப் பெரிய சம்பளம் வாங்கினால், கிள்ளியவருக்கு என்ன கிடைக்கும்?" என்ற இடத்தில் சிரித்துவிட்டாள்.

"நல்ல கேள்வி லா. எனக்கே பதில் தெரியல."

மேடையில் அந்தக் கேள்விக்கு யாரும் அசையவில்லை. பின்வரிசையில் அரட்டை. அப்போதுதான் எழுதி வைக்காத ஒன்றைச் சொன்னேன்.

"பாதியில் விட்டுவிட்டு வருகிறவர்களுக்குச் செலவழித்த பணம் வீண்தானே? நம் லயத்து வரிசை வீடுகளிலேயே அப்படி ஒருவர் இல்லையா?"

எல்லாத் தலைகளும் திரும்பின. தொழிற்சாலைச் சட்டையோடு அக்கா வாசலருகே நின்றிருந்தாள். "கிழிச்சிட்டா புள்ள!" என்று யாரோ கத்தினார். கைதட்டினார்கள். அப்பா, அந்த ஒரு நொடி எனக்குப் பிடித்திருந்தது. இதை எழுதவே கூசுகிறது.

உங்களுக்கு இது தெரியாது. அம்மாவின் சம்பளம் மட்டும் போதாமல் என் பள்ளி நின்றுவிடக்கூடாது என்றுதான் அக்கா தாதியர் படிப்பை நிறுத்திவிட்டுத் தேயிலைத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். பல்கலைக்கழகத்தில் அவளுடைய இடம் இன்னும் இருக்கிறது. அடுத்த தவணைக்குத் திரும்புவதாக இருந்தாள்.

முதல் பரிசுக் கோப்பையோடு மேடையிலிருந்து இறங்கிய என்னை, உங்களோடு லோரி ஓட்டிய முனியாண்டி மாமா மறித்தார். "ஏம்மா, தானா ராத்தா ஆஸ்பத்திரியில உங்கப்பா பக்கத்துலயே நின்னுச்சே ஒரு தாதி மிஸ்ஸி, அது யார் காசுல படிச்சுச்சு? நான் கட்டுன வரியும் அதுல இருக்கும்னு எனக்குப் பெருமையா இருந்துச்சு லா. உனக்கு மட்டும் கசக்குதா?"

வெளியே மழையில் குடை விரித்த அக்காவிடம் ஓடினேன்.

"அது சீட்டுல விழுந்த பக்கம்கா."

"பக்கம் சீட்டுல விழுந்துச்சு. நானுமா சீட்டுல விழுந்தேன்?" என்றாள். குடையைச் சரிசெய்தபடி, "நான் திரும்பிப் போகல. என் இடத்துல முழுசா முடிக்கிற புள்ள யாராச்சும் போகட்டும். கோப்பைய நனையாம எடுத்துட்டு வா."

போய்விட்டாள். நான் திரும்பிவந்து மண்டபத்து மூலையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

வரிப்பணம் அவளிடம் வீணாகவில்லை அப்பா. வீட்டில் ஒருவர் போனதும் படிப்பவள் திரும்பிவர வேண்டியிருந்ததே, அங்கேதான் உதவி போதவில்லை. இது ஏன் மேடையில் எனக்குத் தோன்றவில்லை? நீங்கள் முன்வரிசையில் இருந்திருந்தால், அந்த வாக்கியம் என் வாயில் வந்திருக்குமா?

இந்தக் கடிதத்தை முதலில் அக்காவிடம் படித்துக் காட்டுவேன். அவள் சம்மதித்தால் மட்டும் மண்டபத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுவேன், கைதட்டியவர்களும் படிக்கட்டும். சம்மதிக்காவிட்டால் வீடு வீடாகப் போய், தப்பாகப் பேசினேன் என்று நானே சொல்வேன். அவள் பல்கலைக்கழகத்துக்குப் பஸ் ஏறும்வரை அவளிடம் கேட்டுக்கொண்டே இருப்பேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

மண்டபத்தைப் பூட்ட முனியாண்டி மாமா சாவியோடு காத்திருக்கிறார். விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

உங்கள் சின்ன மகள்,
அக்காவின் ஒரே தங்கை