மூன்றாவது ஓட்டு

மார்ச் 3

என் அன்பு மகளுக்கு,

மூட்டுவலி மாத்திரையை நீ சொன்னபடி சாப்பாட்டுக்குப் பிறகே போட்டுக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் சங்க இதழுக்கு ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன். கடல் கடந்த குடியேற்றங்கள் கலகம் செய்யாதபடி ஒரு பேரரசு எப்படித் தடுத்திருக்கலாம் என்பது பொருள். வரியைக் குறைத்திருக்க வேண்டாம், படையைக் கூட்டியிருக்கவும் வேண்டாம். தலைநகரத்துச் சபையில் அவர்களுக்குச் சில நாற்காலிகள் போட்டிருந்தால் போதும் என்கிறேன். ஆரம்பத்தில் அவர்கள் விடுதலை கேட்கவில்லை. தங்களைப் பற்றிப் பேசும் இடத்தில் தாங்களும் இருக்க வேண்டும் என்றுதான் கேட்டார்கள். இத்தனை வருஷம் வரலாறு நடத்தியும் இது சரிதானா என்று எனக்கு நிச்சயமில்லை. தப்பிருந்தால் தயங்காமல் அடித்துவிடு.

உன் அப்பா


மார்ச் 11

அன்புள்ள அப்பா,

கட்டுரையை பஸ்ஸில் படித்து, இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டேன். எழுத்துப்பிழைகளைத் திருத்தி அனுப்புகிறேன். ஆனால் உங்கள் வாதத்தை ஒத்துக்கொள்ள மாட்டேன். பெரும்பான்மை எப்போதும் தலைநகரத்திடம்தானே? ஒவ்வொரு முறையும் தோற்பதற்காகவா அவ்வளவு தூரம் கப்பலில் வருவார்கள்?

இன்னொரு விஷயம். நேற்று தம்பியும் நானும் பேசி முடிவு செய்துவிட்டோம். மே மாதம் உங்கள் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு என்னோடு வந்துவிடுங்கள். குளியலறையில் நீங்கள் வழுக்கி விழுந்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. கீழ் அறையைக் காலி செய்துவிட்டேன். போனில் சொன்னபோது நீங்களும் "சரிம்மா"ன்னுதானே சொன்னீர்கள்? சனிக்கிழமை தரகர் வீட்டைப் பார்க்க வருவார்.

முத்தங்களுடன்,
உங்கள் பெண்


மார்ச் 17

என் கண்ணுக்கு,

உன் ஆட்சேபம் நியாயமானது. யோசித்துப் பார்த்தேன். தோற்பது வேறு, கூப்பிடாமல் விடுவது வேறு என்று படுகிறது. தோற்றவன் அடுத்த கூட்டத்துக்கு வருவான். கூப்பிடப்படாதவன் தனியாக ஒரு கூட்டம் போடுவான்.

எனக்குப் போனில் எதிர்த்துப் பேச வராது என்பது உனக்குத் தெரியாதா? "சரிம்மா" என்று சொல்லி வைத்துவிடுகிறேன்.

நேற்று மாலை தரகர் வந்தார். நான் கதவைத் திறக்கவில்லை. "சார், லைட்டு எரியுதே, உள்ளதான இருக்கீங்க?" என்றார். "இல்லை" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. அதற்கு மேல் திறக்கவும் வெட்கமாக இருந்தது. பாவம், கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். உங்கள் இருவருக்கும் இதனால் தலைகுனிவு என்றால் மன்னித்துவிடுங்கள்.

அப்பா


மார்ச் 25

அப்பா,

கட்டுரையை மறுபடி படித்தேன். அதையும் உங்கள் போன கடிதத்தையும் தம்பிக்குப் போனில் படித்துக் காட்டினேன். "அப்பா நம்மளத்தான்க்கா வெளுத்து வாங்கியிருக்கார். நீ உக்காந்து எழுத்துப்பிழை பாத்திருக்க" என்று சிரித்தான்.

வீட்டு விஷயத்தை முடிவு செய்ய வரும் ஞாயிறு போனில் உங்களையும் சேர்த்துக் கூப்பிடுகிறோம். உங்களுக்கும் ஒரு ஓட்டு. "சரிம்மா" செல்லாது. ஆனால் இப்போதே சொல்லிவிடுகிறேன், நான் உங்களுக்கு எதிராகத்தான் போடுவேன். நீங்கள் மறுபடி விழுந்தால் யார் தூக்குவது?

உங்கள் பிடிவாதக்காரி


ஏப்ரல் 1

பிடிவாதக்காரிக்கு,

நேற்று இரண்டுக்கு ஒன்று என்று தோற்றேன். உன் தம்பி என் பக்கம் வருவான் என்று நம்பியிருந்தேன். அவனுக்கு உன்னிடம் பயம். குறிப்பெடுத்து வைத்ததில் பாதியைச் சொல்ல விட்டுப்போயிற்று. நான் முடிக்கும்வரை நீங்கள் இருவரும் குறுக்கே பேசவில்லை. இதை வைத்து என் கட்டுரை சரி என்று சொல்லிவிட முடியாது. ஒரே ஒரு கிழவனை உதாரணமாகக் கொள்வது முறையான ஆய்வு ஆகாது.

இன்று காலை தரகரை நானே கூப்பிட்டு வீட்டைக் காட்டினேன். சமையலறைக் குழாய் ஒழுகுவதையும் சொல்லிவிட்டேன். மே முதல் வாரம் வருகிறேன்.

அடுத்த ஞாயிறு ஒரு தீர்மானம் கொண்டுவர எண்ணம்: உன் வீட்டில் என் காலை டீயை நானே போட்டுக்கொள்வேன். அடுப்புப் பக்கம் போகாதீர்கள் என்று நீ எதிர்ப்பாய். அதனால் ஆதரவு கேட்டு உன் தம்பிக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். உனக்குத் தெரியாமல் செய்யக் கூடாது என்பதால் சொல்கிறேன்.

ஆசிகளுடன்,
அப்பா